19,217 யார்டு எறிந்தவரை யாரும் எடுக்காதது ஏன்?

கேள்வி இது: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் முதல்நிலைப் பிரிவில் இதுவரை பந்து எறிந்து மொத்தத்தில் அதிக தூரம் சேர்த்தவர் கேஸ் கீனம். அப்படிப்பட்டவரை 2012இல் ஒரு தொழில்முறை அணிகூடத் தேர்ந்தெடுக்கவில்லை. சாதனையில் ஏதாவது ஓட்டையா, இல்லை தேர்வாளர்களுக்குக் கண் தெரியவில்லையா? அப்புறம் அவர் என்ன ஆனார்?

சாதனையில் ஓட்டை எதுவும் இல்லை. தேர்வாளர்கள் சொன்ன காரணங்களிலும் பாதிக்கு மேல் நியாயம் இருந்தது. ஆனால் சாதனையைத் தள்ளுபடி செய்த கையோடு ஆளையும் தள்ளிவிட்டார்கள். பிசகு நடந்தது அங்கேதான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. இது உலகம் முழுக்கக் காலால் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு 100 யார்டு மைதானத்தில் எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து கைமாறும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேர்வது குவாட்டர்பேக் கைக்கு. அவர் அதை ஓட்டக்காரரிடம் கொடுக்கலாம், தானே ஓடலாம், முன்னால் ஓடும் ரிசீவருக்கு எறியலாம். எறிந்தது பிடிபட்டால் அந்த முயற்சியில் முன்னேறிய தூரம் முழுக்க அவர் கணக்கில் ஏறும். எல்லையைத் தாண்டினால் டச் டவுன். எதிரணி பிடித்துவிட்டால் இன்டர்செப்ஷன். குவாட்டர்பேக்குக்கு அதைவிட மானக்கேடு இல்லை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

கீனம் 1988இல் பிறந்தவர், டெக்சாஸ் மாநிலத்தின் அபிலீன் நகரில் வளர்ந்தவர். அங்கே வைலி உயர்நிலைப் பள்ளிக்கு 2004இல் மாநிலப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். டெக்சாஸில் பள்ளிக் கால்பந்து என்றால் வெள்ளிக்கிழமை இரவு ஊரே மைதானத்தில் இருக்கும். அந்த மாநிலத்தில் பட்டம் வென்ற குவாட்டர்பேக் வீட்டு வாசலில் பல்கலைக்கழகங்கள் வரிசை கட்டி நிற்கவேண்டும். வந்தது ஒன்றே ஒன்று, ஹூஸ்டன் பல்கலைக்கழகம். அங்கே அப்போது பயிற்சியாளராக இருந்த ஆர்ட் பிரைல்ஸ் மட்டும்தான் உதவித்தொகையோடு இடம் கொடுத்தார். மற்றவர்கள் தயங்கியது உயரத்தைப் பார்த்து. பட்டியலில் 6 அடி 1 அங்குலம் என்று போடுவார்கள். தெருவில் நடந்தால் நல்ல உயரம்தான். முன்னால் நிற்கும் தடுப்பு வரிசை முழுக்க ஆறரை அடியைத் தொடும் இந்த ஆட்டத்தில், அவர்கள் தலைக்கு மேல் பார்த்து எறியவேண்டிய ஆளுக்கு அது குறைச்சல்.

கல்லூரியில் ஒருவர் ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் ஆடலாம். ஆடாமல் பயிற்சி மட்டும் எடுக்கும் ஆண்டை ரெட் ஷர்ட் என்பார்கள். கீனமுக்கு 2006 அப்படிப் போனது. 2007இல் இன்னொருவரோடு பங்குபோட்டு ஆடி 2,259 யார்டு சேர்த்தார். அந்த சீசன் முடிந்ததும் பிரைல்ஸ் பேலர் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட, கெவின் சம்லின் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். தாக்குதல் ஆட்டத்தை வடிவமைக்க டேனா ஹோல்கர்சனைக் கூட்டிவந்தார். உதவிக்கு கிளிஃப் கிங்ஸ்பரி என்ற இளைஞரும் வந்தார். இவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த மூவரில் ஹோல்கர்சனும் கிங்ஸ்பரியும் ஒரே ஆட்டமுறையில் தயாரானவர்கள். ஏர் ரெய்டு என்று அந்த ஆட்டமுறைக்குப் பெயர். அயோவா வெஸ்லியன் என்ற சின்னக் கல்லூரியில் ஹால் மம்மி, மைக் லீச் என்ற இரண்டு பயிற்சியாளர்கள் உருட்டித் திரட்டியது. ஹோல்கர்சன் அந்தக் கல்லூரியில் மம்மியிடம் ரிசீவராக ஆடியவர். கிங்ஸ்பரி டெக்சாஸ் டெக்கில் லீச்சின் குவாட்டர்பேக்.

இந்த முறையை ஒரு முயற்சியின் அளவில் பார்த்தால்தான் கீனமின் எண்கள் புரியும். குவாட்டர்பேக் பந்து வரும் இடத்திலிருந்து ஐந்து யார்டு பின்னால் நிற்பார். நான்கு ரிசீவர்கள் மைதானத்தின் இரண்டு ஓரத்துக்கும் பரவி நிற்பார்கள். அவர்களை மறிக்க எதிரணியும் பரவியாக வேண்டும். பரவினால் நடுவில் சந்து விழும். வட்டமாகக் கூடிப் பேசுவதெல்லாம் கிடையாது. ஒரு முயற்சி முடிந்த மறுநொடி எல்லோரும் ஓடிப்போய் வரிசையில் நின்று எல்லைக்கோட்டைப் பார்ப்பார்கள். அங்கிருந்து கைச்சைகையில் அடுத்தது வரும். மனப்பாடம் செய்யவேண்டிய ஆட்டத் திட்டங்கள் கொஞ்சம்தான். அதையே நூறு முறை, ஆயிரம் முறை பயிற்சியில் ஓட்டிப் பார்த்திருப்பார்கள். பந்து கைக்கு வந்த இரண்டு இரண்டரை நொடிக்குள் போய்விட வேண்டும். எதிரணி மூச்சு வாங்குவதற்குள் அடுத்த முயற்சி ஆரம்பித்துவிடும். ஒரு ஆட்டத்தில் ஐம்பது தடவை எறிவது இந்த முறையில் பெரிய விஷயமே இல்லை.

மைதானக் கோடுகளும் இதற்குத் துணை. ஒவ்வொரு முயற்சியும் எங்கே தொடங்கவேண்டும் என்று குறிக்க நடுவில் இரண்டு வரிசைக் கோடுகள் உண்டு. கல்லூரியில் அவற்றுக்கு இடையே 40 அடி. தொழில்முறையில் 18 அடி 6 அங்குலம். ஆகவே கல்லூரியில் பந்து ஒரு ஓரமாக நின்றால் மறுபக்கம் ஏக்கர் கணக்கில் வெற்றிடம். பரப்பி ஆடுகிறவனுக்கு அது பொன். தொழில்முறை லீகான என்.எஃப்.எல்லில் அந்த வெற்றிடம் கிடையாது.

2008இல் கீனம் 5,020 யார்டு, 44 டச் டவுன். 2009இல் 5,671 யார்டு, மறுபடி 44. அந்த 2009 செப்டம்பரில்தான் தரவரிசையில் ஐந்தாம் இடத்தில் இருந்த ஓக்லஹோமா ஸ்டேட்டை அவர்கள் மைதானத்திலேயே 45-35 என்று சாய்த்தார்கள். சிறிய அணிகளோடு ஆடி எண்ணைக் கூட்டிக்கொண்டவர் என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஆட்டத்தைத்தான் நான் காட்டுவேன்.

2010இல் எல்லாம் நின்றது. செப்டம்பர் 18, கலிஃபோர்னியாவின் ரோஸ் போல் மைதானம், யு.சி.எல்.ஏ. அணியோடு ஆட்டம். கீனம் எறிந்த பந்தை எதிரணியின் அக்கீம் ஏயர்ஸ் பிடித்துக்கொண்டு ஓட, கீனமே போய் அவரை மறிக்கப் பார்த்தார். வலது முழங்காலின் தசைநார் கிழிந்தது. அதற்கு முந்தைய வாரம் யூடெப் அணியோடு ஆடியபோதும் இதே மாதிரி, தான் பறிகொடுத்த பந்தைத் துரத்திப் போய் தலையில் அடி வாங்கியிருந்தார். இது துணிச்சலா அசட்டுத்தனமா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று ஓரளவு தெரிகிறது. கொடுமை என்னவென்றால் அதே ஆட்டத்தில் அவருக்குப் பதில் இறங்கிய மாற்று குவாட்டர்பேக்கும் காறை எலும்பு முறிந்து வெளியேறினார்.

அந்த மூன்று ஆட்டத்தோடு அவருடைய கல்லூரிக் காலம் முடிந்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டு ஆகிவிட்டதே. காயத்தைக் காரணம் காட்டிப் பல்கலைக்கழகம் ஆறாவது ஆண்டு கேட்டது. 2011 ஜனவரியில் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. கொடுத்தது. சாதனை மொத்தமும் இந்த ஒரு அனுமதிச் சீட்டில்தான் தொங்குகிறது. அது வந்திராவிட்டால் 13,586 யார்டோடு அவர் கதை முடிந்திருக்கும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் டிம்மி சாங் வைத்திருந்த 17,072 அப்படியே நின்றிருக்கும்.

2011இல் சாதனைகள் வாரத்துக்கு ஒன்றாக விழுந்தன. அக்டோபர் 27, மழையில் ரைஸ் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். ஊருக்குள்ளேயே இருக்கும் போட்டி அணி. ஆரம்பத்தில் ரைஸ் முன்னிலையில் இருந்தது. முடிவில் ஹூஸ்டன் 73-34. கீனம் அன்று எறிந்தது ஒன்பது டச் டவுன். அதில் ஐந்து பாட்ரிக் எட்வர்ட்ஸ் என்ற ஒரே ரிசீவருக்கு. கிரஹாம் ஹாரல் வைத்திருந்த 134 டச் டவுன் சாதனை அன்றைக்கே போனது. நவம்பர் 5, யு.ஏ.பி. அணியோடு ஆடியபோது சாங்கின் யார்டு சாதனையும் போனது. மூன்று தனித்தனி சீசனில் 5,000 யார்டைத் தாண்டியது அதுவரை யாரும் செய்யாத வேலை.

12 ஆட்டம், 12 வெற்றி. டிசம்பர் 3ஆம் தேதி மாநாட்டு இறுதி (தங்களுக்குள் ஆடும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பை மாநாடு என்பார்கள்), சொந்த மைதானம், எதிரே சதர்ன் மிசிசிப்பி. வென்றால் பெரும்பாலும் பெரிய பல்கலைக்கழகங்களே ஆடும் ஜனவரிப் போட்டிகளில் ஒன்றில் இடம். 49-28 என்று தோற்றார்கள். சில நாளில் சம்லின் டெக்சாஸ் ஏ அண்ட் எம்முக்குக் கிளம்பிவிட்டார். தலைமைப் பயிற்சியாளர் மாறிய அணியோடு ஜனவரி 2, 2012 அன்று டல்லாஸில் பென் ஸ்டேட்டைச் சந்தித்தார் கீனம். தற்காப்புக்குப் பேர்போன அந்த அணியின் மேல் 532 யார்டு எறிந்து 30-14 என்று முடித்தார். மொத்தம் 19,217 யார்டு, 155 டச் டவுன். ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாக்கெடுப்பில் ஏழாம் இடம்.

இனி டிராஃப்ட். ஐ.பி.எல். ஏலம் மாதிரி இங்கே பணம் பேசாது, வரிசை பேசும். முந்தைய சீசனில் கடைசியில் வந்த அணி முதலில் ஆளை எடுக்கும். இப்படி 32 அணிகளும் ஏழு சுற்று. 2012 ஏப்ரலில் மூன்று நாளில் 253 பேரை எடுத்தார்கள். அதில் 11 பேர் குவாட்டர்பேக்குகள். முதல் பெயர் ஆண்ட்ரூ லக், ஒரு குவாட்டர்பேக். 253ஆவது பெயர் சாண்ட்லர் ஹார்னிஷ், அவரும் குவாட்டர்பேக். இரண்டுக்கும் நடுவில் எங்கேயும் கீனம் இல்லை.

ஏன்? உயரம் என்றார்கள். ஆனால் அதே டிராஃப்டில் கீனமைவிடக் குள்ளமான ரஸ்ஸல் வில்சன் 75ஆவதாகப் போனார். வயது 24, கூடுதல் என்றார்கள். பிராண்டன் வீடனுக்கு 28. முதல் சுற்றிலேயே 22ஆவதாகப் போனார். ஆட்டமுறை என்றார்கள். வீடனும் ஓக்லஹோமா ஸ்டேட்டில் ஹோல்கர்சன் போட்டுக்கொடுத்த தாக்குதலில் ஆடியவர்தான். ஆகத் தனித்தனியாக எந்தக் காரணமும் நிற்காது. வில்சனுக்கு உயரம் இல்லை, ஆனால் கையில் பலம் இருந்தது, கால் ஓடியது. வீடனுக்கு வயது இருந்தது, ஆனால் உயரமும் எறியும் வேகமும் இருந்தன. கீனமுக்குச் சுமாரான உயரம், சுமாரான கைபலம், அறுவை செய்த முழங்கால், சின்ன மாநாடு, 24 வயது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. ஏழு சுற்றில் ஒன்றைக்கூட அவருக்காகச் செலவழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

ஹூஸ்டன் என்ற பெயரும் ஒரு பாரம். அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரே வேர் 1989இல் ஹைஸ்மன் கோப்பையே வாங்கியவர். 1990இல் ஏழாவதாக டெட்ராய்ட் லயன்ஸ் எடுத்தது. அடுத்து வந்த டேவிட் கிளிங்லர் 1990இல் ஒரே ஆட்டத்தில் 11 டச் டவுன் எறிந்தார். 1992இல் ஆறாவதாக சின்சினாட்டி எடுத்தது. இருவருமே தொழில்முறையில் நிலைக்கவில்லை. இருவருமே ரிசீவர்களைப் பரப்பி விட்டு எறியும் ஒரு முறையில் வளர்ந்தவர்கள். இருபது வருஷம் கழித்து அதே ஊரிலிருந்து இன்னொருவர் மலைபோல எண்ணோடு வந்தால், சூடு கண்ட பூனைகள் கிட்டே வராது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைப் பெரும்பாலான அலசல்கள் விட்டுவிடுகின்றன. ஒரு கல்லூரி ஆட்டக்காரரின் மொத்தக் கணக்கு சாதனையாக வேண்டுமானால் அவர் நான்கைந்து வருஷம் அங்கேயே இருக்கவேண்டும். உண்மையிலேயே எல்லோரும் ஆசைப்படும் ஆள் மூன்றாவது சீசனிலேயே என்.எஃப்.எல்லுக்குப் போய்விடுவார். வாழ்நாள் சாதனையை வைத்திருப்பவர் என்றாலே அதற்கு முன் யாரும் தூக்கிக்கொண்டு போகாதவர் என்று பாதி அர்த்தம். யார்டு சாதனையை வரிசையாக வைத்திருந்தவர்களைப் பாருங்கள். பிரிகம் யங்கின் டை டெட்மர் 1990 ஹைஸ்மன் வென்றவர், 15,031 யார்டு. 1992 டிராஃப்டில் ஒன்பதாம் சுற்றில், 230ஆவதாகப் போனார் (அப்போது பன்னிரண்டு சுற்று உண்டு). சாங்கை யாரும் எடுக்கவில்லை. டச் டவுன் சாதனைக்காரர் ஹாரலையும் யாரும் எடுக்கவில்லை. அப்புறம் கீனம். ஒருவர் இருவர் என்றால் தற்செயல் என்று விடலாம், இது பரம்பரை மாதிரி ஆகிவிட்டது.

சரி, டிராஃப்டில் எடுக்கப்படாதவருக்கு ஒரு சின்ன அனுகூலம் உண்டு: எங்கே போவது என்று அவரே தேர்ந்தெடுக்கலாம். கீனம் ஊரை விட்டே போகவில்லை. ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணியில் சேர்ந்தார். 2012 முழுக்கப் பிராக்டிஸ் ஸ்குவாட். அதாவது வாரம் முழுக்கப் பயிற்சியில் எதிரணியின் குவாட்டர்பேக் மாதிரி நடித்துக் காட்டவேண்டும். ஆட்ட நாளில் சீருடை கிடையாது.

2013இல் முதல் குவாட்டர்பேக் மாட் ஷாப் சறுக்கியதும் அக்டோபர் 20 அன்று கன்சாஸ் சிட்டியில் கீனமை இறக்கினார்கள். எதிரணி அந்த சீசனில் அதுவரை தோற்காதது. 17-16 என்று ஒரே புள்ளியில் நழுவியது. அடுத்த ஆட்டம் இண்டியானபொலிஸ் கோல்ட்ஸ். முதல் பாதியில் ஆண்ட்ரே ஜான்சனுக்கு மூன்று டச் டவுன், 21-3 முன்னிலை. இடைவேளைக்குப் போகும்போது பயிற்சியாளர் கேரி கூபியக் மைதானத்திலேயே சுருண்டு விழுந்தார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அணி நிலைகுலைந்து 27-24 என்று தோற்றது. அந்த சீசனில் கீனம் முதல் ஆளாக இறங்கித் தொடங்கிய எட்டு ஆட்டமும் தோல்வி. இரண்டரை நொடிக்கு மேல் பந்தை வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது அந்த எட்டு ஆட்டத்திலும் தெரிந்தது: கல்லூரிப் பழக்கத்தில் பின்னால் பின்னால் ஓடி இடம் தேடுவார், இங்கே துரத்துகிறவர்கள் அவரைவிட வேகம். தேர்வாளர்கள் பயந்தது இதைத்தான், அதில் அவர்கள் சொன்னது சரி.

அடுத்த சில வருஷம் பெட்டியும் கையுமாகத்தான். டெக்சன்ஸ் விட்டது, செயின்ட் லூயிஸ் ராம்ஸ் எடுத்தது, மறுபடி 2014 டிசம்பரில் டெக்சன்ஸ் கூப்பிட்டது. வந்து கடைசி இரண்டு ஆட்டத்தையும் வென்று கொடுத்தார். 2015இல் ஏழாம் சுற்றுத் தேர்வு ஒன்றுக்கு அவரை ராம்ஸுக்கே மாற்றிக்கொண்டார்கள். அங்கே நவம்பரில் நிக் ஃபோல்ஸை உட்காரவைத்துவிட்டு கீனமுக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். ஃபோல்ஸும் 2012 டிராஃப்டில் 88ஆவதாகப் போனவர். இவரையும் மறக்க வேண்டாம்.

ராம்ஸுக்காகத் தொடங்கிய முதல் ஆட்டம், பால்டிமோரில், நவம்பர் 22. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் கீழே விழுந்து பின்மண்டை தரையில் மோதியது. எழுந்திருக்கத் தடுமாறினார், தலையைப் பிடித்துக்கொண்டார், சகாக்கள் தூக்க முயன்றும் உடல் நிற்கவில்லை. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அணியின் உதவியாளர் உள்ளே வந்து பார்த்துவிட்டு ஆடவிட்டார். இரண்டொரு முயற்சியில் பந்தை நழுவவிட்டார், ஆட்டம் 16-13 என்று போனது. பிறகுதான் மூளை அதிர்ச்சி என்று உறுதிசெய்தார்கள். நாடு முழுக்கச் சத்தம் எழுந்தது. 2016இல் என்.எஃப்.எல்., தலைக்காய விதிமுறையை மீறும் அணிக்கு அபராதமும் டிராஃப்ட் தேர்வு இழப்பும் உண்டு என்று ஒரு விதியையே கொண்டுவந்தது. கீனமின் எந்த யார்டையும்விட அந்த ஒரு விழுதல் ஆட்டத்தை அதிகம் மாற்றியது என்பது என் எண்ணம்.

2016இல் ராம்ஸ் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது. டிராஃப்டின் முதல் தேர்வாக ஜாரட் காஃபை எடுத்தது. அவர் தயாராகும் வரை ஒன்பது ஆட்டம் கீனம் இடத்தைக் காத்துக் கொடுத்தார். அடுத்த வருஷம் மினசோட்டா வைக்கிங்ஸ், ஒரு வருஷ ஒப்பந்தம், 20 லட்சம் டாலர். என்.எஃப்.எல். கணக்கில் இது சில்லறை. டெடி பிரிட்ஜ்வாட்டர் ஒரு வருஷமாக முழங்கால் காயத்தில். சாம் பிராட்ஃபோர்டு முதல் ஆட்டத்தோடு முழங்காலைப் பிடித்துக்கொண்டார். வேறு ஆள் இல்லாததால் கீனம்.

வந்தவர் தொடங்கிய 14 ஆட்டத்தில் 11ஐ வென்றார். 3,547 யார்டு, 22 டச் டவுன், ஏழே இன்டர்செப்ஷன். தாக்குதல் பயிற்சியாளர் பாட் ஷர்மர் செய்தது எளிமையான காரியம்: ஏர் ரெய்டு கீனமுக்குக் கற்றுக்கொடுத்த சட்டென்று பார்த்துச் சட்டென்று எறியும் பழக்கத்துக்கு ஏற்ப ஆட்டத்தை வெட்டித் தைத்தார். ஸ்டெஃபான் டிக்ஸும், கீனம் மாதிரியே டிராஃப்டில் எடுக்கப்படாத ஆடம் தீலனும் ரிசீவர்கள். தற்காப்பு அந்த வருஷம் நாட்டிலேயே சிறந்தவற்றில் ஒன்று. குவாட்டர்பேக் அணியைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை, கீழே போடாமல் இருந்தால் போதும் என்ற நிலை.

ஜனவரி 14, 2018, நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸோடு நாக்-அவுட் ஆட்டம். வைக்கிங்ஸ் 17-0 முன்னிலையில் இருந்து விட்டுக்கொடுத்து, கடைசியில் 23-24 என்று பின்தங்கி நிற்கிறது. 10 நொடி பாக்கி. சொந்தப் பக்கம் 39 யார்டு கோடு. நேரத்தை நிறுத்தும் வாய்ப்பு எதுவும் மிச்சமில்லை. திட்டம் என்னவென்றால் ஓரக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் பிடித்து உடனே வெளியே போய் கடிகாரத்தை நிறுத்துவது, பிறகு தூரத்திலிருந்து உதைத்து மூன்று புள்ளி எடுப்பது. ‘செவன் ஹெவன்’ என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். கீனம் உயரமாக எறிந்தார். டிக்ஸ் எம்பிப் பிடித்தார். மறிக்க வந்த செயின்ட்ஸின் மார்கஸ் வில்லியம்ஸ் தலையைக் குனிந்து பாய்ந்து, டிக்ஸைத் தொடாமலேயே கீழே போய்த் தன் சகாவையே சாய்த்தார். கையைத் தரையில் ஊன்றிச் சமாளித்து நின்ற டிக்ஸ் திரும்பிப் பார்த்தால் ஒரு ஈ காக்கை இல்லை. வெளியே போகவேண்டியவர் உள்ளே ஓடினார். 61 யார்டு, 29-24. நான்காம் கால்பகுதியின் கடைசி நொடியில் டச் டவுனோடு முடிந்த நாக்-அவுட் ஆட்டம் என்.எஃப்.எல்லில் அதற்கு முன் கிடையாது. அதே வில்லியம்ஸ்தான் அன்று மூன்றாம் கால்பகுதியில் கீனமிடமிருந்து ஒரு பந்தைப் பறித்திருந்தார்.

அந்த ஆண்டு என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் போல் மினியாபொலிஸில், வைக்கிங்ஸின் சொந்த மைதானத்தில். இன்னும் ஒரே ஒரு ஆட்டம் வென்றால் சொந்த மைதானத்தில் சூப்பர் போல் ஆடும் முதல் அணி. ஃபிலடெல்ஃபியாவில் எதிரே நின்றவர் யார் என்றால் நிக் ஃபோல்ஸ், அவரும் காயம்பட்டவருக்குப் பதிலாக வந்தவர். முதல் டச் டவுன் கீனம்தான் எறிந்தார். அடுத்து அவர் கையை கிறிஸ் லாங் தட்டிவிட, தடம் புரண்ட பந்தை பாட்ரிக் ராபின்சன் பிடித்து 50 யார்டு ஓடிவிட்டார். 38-7. ஃபோல்ஸ் மினியாபொலிஸுக்குப் போய்க் கோப்பையையும் வாங்கினார்.

வைக்கிங்ஸ் கீனமை வைத்துக்கொள்ளவில்லை. 8.4 கோடி டாலர் முழு உத்தரவாதத்தோடு கர்க் கசின்ஸை அழைத்து வந்தது. அவர் 2012 டிராஃப்டில் 102ஆவது. கீனமுக்கு டென்வர் பிராங்கோஸ் இரண்டு வருஷத்துக்கு 3.6 கோடி டாலர் கொடுத்தது. அங்கே 18 டச் டவுனுக்கு 15 இன்டர்செப்ஷன், ஆறு வெற்றி, பத்துத் தோல்வி. அணியைச் சுமக்கும் ஆளாக அவரை நினைத்தது தப்பு என்று ஒரே வருஷத்தில் தெரிந்துபோயிற்று. 2017 ஒரு வருஷ அதிர்ஷ்டம் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சரியான இடத்தில் வைத்தால் ஓடும், தவறான இடத்தில் வைத்தால் நிற்கும், என்.எஃப்.எல்லின் பாதி குவாட்டர்பேக்குகளுக்கு இது பொருந்தும்.

அப்புறம் வாஷிங்டன், கிளீவ்லாந்து, பஃபலோ, மறுபடி ஹூஸ்டன். பெரும்பாலும் இரண்டாவது ஆளாக. இந்த வேலையை இளக்காரமாக நினைக்க வேண்டாம். வாரம் முழுக்கத் தயாராகி, ஆடமாட்டோம் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்து, திடீரென்று கூப்பிட்டால் குளறாமல் ஆடவேண்டும். 2021 அக்டோபரில் கிளீவ்லாந்தின் பேக்கர் மேஃபீல்டுக்குத் தோளில் அடிபட, இறங்கி 17-14 என்று வென்றார்; எதிரணி அவரை விட்ட அதே டென்வர். 2023 டிசம்பரில் டெக்சன்ஸின் புதுமுகம் சி.ஜே. ஸ்ட்ரவுடுக்குத் தலையில் அடிபட, 35 வயதில் இறங்கி டென்னசி டைட்டன்ஸை கூடுதல் நேரத்தில் 19-16 என்று வென்றார். அந்த சீசனில் டெக்சன்ஸ் நாக்-அவுட்டுக்குப் போனது. அந்த ஒரு வெற்றிக்கும் அதில் பங்கு உண்டு. 2012 முதல் சுற்றில் போன லக், ராபர்ட் கிரிஃபின், வீடன் எல்லோரும் ஆட்டத்தை விட்டுப் போய் வருஷக்கணக்கான பிறகும் இவர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்.

கிங்ஸ்பரியை ஞாபகம் வைக்கச் சொன்னேனே. அவர் டெக்சாஸ் டெக்கின் தலைமைப் பயிற்சியாளராகிப் பாட்ரிக் மஹோம்ஸைத் தயாரித்தார். 2017இல் பத்தாவதாகப் போனவர் இவர். பேக்கர் மேஃபீல்டு 2018இல் முதல் தேர்வு. 2019இல் கிங்ஸ்பரியே அரிசோனா கார்டினல்ஸ் பயிற்சியாளராகி, ஆறடிகூட இல்லாத கைலர் மரேயை முதல் தேர்வாக எடுத்தார். மூவருமே ஏர் ரெய்டு வழி வந்தவர்கள். 2012இல் குறை என்று ஒதுக்கிய ஆட்டமுறை ஏழே வருஷத்தில் என்.எஃப்.எல். அணிகளின் புத்தகத்துக்குள் ஏறிவிட்டது. கீனம் பத்து வருஷம் பிந்திப் பிறந்திருந்தால் முதல் சுற்றில் போயிருப்பார் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கைபலத்துக்கு அது நடக்காது. நான்காவது ஐந்தாவது சுற்றில் யாராவது எடுத்திருப்பார்கள்.

சாதனை இன்னும் நிற்கிறதா என்றால், யார்டு சாதனை நிற்கிறது. கிட்டே வந்தவர் தில்லன் கேப்ரியல்: மூன்று பல்கலைக்கழகம், ஆறு சீசன், 18,722 யார்டு. டச் டவுனில் சரியாக 155இல் கீனமுக்குச் சமமாக நின்றார். 2025 டிராஃப்டில் மூன்றாம் சுற்றில் 94ஆவதாகப் போனார். அந்தப் பரம்பரையில் இதுவே பெரிய முன்னேற்றம்.

அதே 2025இல் 37 வயது கீனமை சிகாகோ பேர்ஸ் ஒப்பந்தம் செய்தது. அங்கே முதல் குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ், 2024 டிராஃப்டின் முதல் தேர்வு. அவருக்கு மாற்றாக இருப்பவர் டைசன் பேஜன்ட். ஷெப்பர்ட் என்ற இரண்டாம் பிரிவுக் கல்லூரியில் 159 டச் டவுன் எறிந்தவர். அவர் கல்லூரியை முடித்தபோது எல்லாப் பிரிவையும் சேர்த்து என்.சி.ஏ.ஏ. சாதனை அதுதான், கீனமைவிட நான்கு அதிகம். 2023இல் அவரையும் யாரும் எடுக்கவில்லை.